மூட்டையில் ஒட்டிய எண் போதாது: ஓடும் பொருளின் தடம் அறிவது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவுப் பொட்டலங்களிலும் மருந்துப் பெட்டிகளிலும் அச்சிடப்படும் கியூஆர் குறியீட்டின் பயன் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பொருளில் குறை தெரிந்தால் அது எந்த ஆலையில், எந்த நாளில், எந்த மூலப்பொருளிலிருந்து உண்டானது என்பதைக் கண்டறிய இந்தக் குறியீடு போதும் என்ற எண்ணத்தை அக்கட்டுரை உண்டாக்குகிறது. முப்பத்தொரு ஆண்டுகள் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த ஆலைகளில் உற்பத்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த எண்ணம் பாதிதான் சரி என்பதை வாசகர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையினருக்கும் எடுத்துச் சொல்வது என் கடமை என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன். பொட்டலம் ஆலையை விட்டு வெளியேறிய பிறகு அது எங்கெங்கே போயிற்று என்பதைக் குறியீடு சொல்லும். ஆலைக்குள் நுழைந்த மூலப்பொருள் எந்தெந்தப் பொட்டலத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேறொரு வேலை நடந்திருக்க வேண்டும். நம் ஆலைகளில் பெரும்பாலும் நடக்காமல் இருப்பது அந்த வேலைதான்.

சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பக்கம் உள்ள வாகன ஆலைகளில் செய்யப்படுபவை எண்ணக்கூடிய பொருள்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சேசிஸ் எண் உண்டு. என்ஜினுக்குத் தனி எண் உண்டு. பிரேக் பாகம் வந்த பெட்டிக்கும் ஒரு பட்டைக் குறியீடு உண்டு. ஒரு பாகத்தில் பழுது தெரிந்தால், அது பொருத்தப்பட்ட வண்டிகளின் பட்டியலைக் கணினி சில நொடிகளில் தந்துவிடும். வடக்கே மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் வந்தால் நிலைமை வேறு. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், வேதிப்பொருள், பால், எண்ணெய், மாவு என்று இங்கே செய்யப்படுபவை எல்லாம் ஓடும் பொருள்கள். குழாயில் ஓடுகிறது, தொட்டியில் தேங்குகிறது, சைலோ எனப்படும் உயரமான சேமிப்புக் கலத்தில் சரிகிறது, மற்றொன்றோடு கலக்கிறது, பிறகு மறுபடியும் ஓடுகிறது. ஒரு கோதுமை மணியின் மேலோ ஒரு துளி பாலின் மேலோ எண் எழுத முடியாது. உள்ளே போகும் வாசலில் லாரி எண்ணும் வெளியே வரும் வாசலில் பேட்ச் எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதற்குப் பதிவேட்டில் உள்ள நேரக் குறிப்பைத் தவிர வேறு சான்று இல்லை.

அந்த நேரக் குறிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். 1990களின் நடுப்பகுதியில் நான் வேலை பார்த்த ஒரு ரோலர் மாவு மில்லில் ஒரு மாலை வேளையில் 16 டன் கோதுமையோடு ஒரு லாரி வந்தது. மேலாக எடுத்த மாதிரியில் குறை தெரியவில்லை. கொட்டி முடித்த பிறகு, லாரியின் அடித்தட்டைக் கூட்டிய தொழிலாளி ஒருவர், நடுப்பகுதிக் கோதுமை நனைந்து மக்கல் வாடை அடித்ததாகச் சொன்னார். அவர் சொன்னது ஆய்வகத்தின் காதுக்கு எட்டியது மறுநாள் காலையில்தான். அதற்குள் அந்தக் கோதுமை, ஏற்கெனவே ஏறத்தாழ 100 டன் இருந்த சைலோவின் மேல் விழுந்திருந்தது; அதன் மேலும் வேறு லாரிகளின் கோதுமை விழுந்திருந்தது.

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கு மிக நேரானது. மில் மணிக்கு 5 டன் கோதுமையை இழுக்கிறது. முன்னால் 100 டன் நிற்கிறது. ஆகவே 20 மணி நேரம் கழித்துத்தான் அந்த லாரியின் கோதுமை சைலோவின் வாய்க்கு வரும். பிறகு தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தும் தொட்டியில் 18 மணி நேரம் இருக்கும். அரைப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆகவே 38ஆவது மணியிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம் கட்டப்படும் மூட்டைகளை நிறுத்தி வைத்தால் போதும். பாதுகாப்புக்காக முன்னும் பின்னும் சேர்த்து ஒரு ஷிப்ட் முழுவதும் கட்டிய மைதா மூட்டைகளை ஒதுக்கி வைத்தோம். கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். ஒதுக்கிய மூட்டைகளை மோந்து பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றில் வாடையே இல்லை. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோதுமை அவ்வளவு கெட்டிருக்கவில்லை போலும் என்று நிம்மதிப்பட்டுக்கொண்டோம். ஆனால் நாங்கள் ஒதுக்கிய ஷிப்டுக்கு முந்தைய நாள் கட்டிய மூட்டைகளைப் பெரம்பூரில் சிறிய பேக்கரி வைத்திருந்த ஒருவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார். ரொட்டி முழுவதும் வாடை அடித்து வீணாயிற்று என்றார். அன்றாடம் வரும் பணத்தில் மறுநாள் மாவு வாங்குபவர் அவர். நான்கு நாள் கழித்து, சைலோவை அடி வரை இழுத்த சமயத்தில் கட்டிய மூட்டைகளிலும் அதே புகார் வந்தது. எங்கள் கணக்கு முன்பக்கமும் தவறியது, பின்பக்கமும் தவறியது.

காரணம் சைலோவின் வடிவம். உயரமான கலத்தில் கொட்டிய தானியம், முதலில் விழுந்தது முதலில் வெளியேறும் என்று வரிசையாகக் கீழிறங்கும் என எல்லாரும் நினைக்கிறோம். அடிக்கூம்பு போதுமான அளவு செங்குத்தாகவும் வழவழப்பாகவும் இருந்தால்தான் அப்படி நடக்கும். கூம்பு தட்டையாக இருந்தால், அடிவாய்க்கு நேர் மேலே நடுவில் மட்டும் ஒரு கிணறு போலத் தானியம் இறங்கும். சுவரை ஒட்டிய தானியம் அசையாமல் நிற்கும். மேல்பரப்பில் கடைசியாக விழுந்தது சரிந்து அந்த நடுக்கிணற்றுக்குள் முதலில் போகும். வீட்டில் அரிசிக் குதிர் வைத்திருந்த தலைமுறையினர், கீழ்த்துளையைத் திறந்ததும் மேலே நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கே என்ற பொறியாளர் இந்த இரு வகை ஓட்டங்களையும் பிரித்தறிந்து, கூம்பின் சாய்வையும் வாயின் அகலத்தையும் எப்படிக் கணக்கிடுவது என்று 1960களின் முற்பகுதியிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் மில்லின் அலமாரியில் அந்த அறிவு இல்லை. கெட்ட லாரியின் ஒரு பங்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெளியே வந்துவிட்டது. மற்றொரு பங்கு சுவரோரம் ஒட்டிக்கொண்டு, சைலோ காலியாகும் வரை காத்திருந்தது.

திரவத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க ஆலைக்குள் போக வேண்டியதில்லை. 36,000 லிட்டர் கொள்ளும் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு 12,000 லிட்டர் செலவாகிறது. அதே அளவு மெட்ரோ வாட்டர் வந்து நிரம்புகிறது. ஒரு நாள் அவசரத்துக்கு வாங்கிய லாரித் தண்ணீர் உப்பாக இருந்துவிட்டது. மூன்று நாள் தண்ணீர்தானே, நான்காம் நாள் உப்பு போய்விடும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்வார். சம்ப்பில் தண்ணீர் நன்றாகக் கலக்குமானால், மூன்றாம் நாள் முடிவில் அந்த உப்பில் 37 விழுக்காடு இன்னும் உள்ளேயே இருக்கும். ஆறாம் நாள் முடிவில் 13 அல்லது 14 விழுக்காடும், ஒன்பதாம் நாள் முடிவில் 5 விழுக்காடும் இருக்கும்; ஒரு விழுக்காட்டளவுக்குக் குறைய ஏறத்தாழ 14 நாள் ஆகும். அதே வேளையில், உப்பின் முதல் துளி குழாயில் வருவதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியதுமில்லை, அன்றே வந்துவிடும். மாறாக, அதே 36,000 லிட்டரும் ஒரு நீண்ட குழாய்க்குள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தால், மூன்றாம் நாள் வரை ஒரு துளி உப்பும் வராது; மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாக வரும்; பிறகு வராது. ஆலையில் உள்ள ஒவ்வொரு கலமும் இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரே நொடியில் உள்ளே நுழைந்த பொருளின் துகள்கள் வெவ்வேறு நேரம் உள்ளே தங்கி வெளியேறுகின்றன. எந்தப் பங்கு எவ்வளவு நேரம் தங்கியது என்று வரையும் வளைகோட்டைத் தங்குநேரப் பரவல் என்று சொல்லலாம். இதை முறையாக வகுத்துக் கொடுத்தது இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் டான்க்வெர்ட்ஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. (இரண்டாம் உலகப் போரில் லண்டனில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டுகளைச் செயலிழக்கச் செய்ததற்காக ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவரும் இவரே என்பதை இளம் பொறியாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.) கிண்டி ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஐஐடி மெட்ராஸிலும் வேதிப்பொறியியல் படிக்கும் எந்த மாணவருக்கும் இந்த வளைகோடு தெரியும். கலக்கும் தொட்டியில் ஒரு குப்பி உப்புக் கரைசலை ஊற்றி, வெளிவரும் நீரின் மின்கடத்து திறனை நிமிடத்துக்கு நிமிடம் குறித்து, வரைபடத் தாளில் அந்தக் கோட்டை வரைந்து மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். அவர்களே வேலைக்குச் சேர்ந்து ஆலையின் பதிவேட்டில் கையெழுத்திடும்போது அது நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் வரவில்லை.

இனி, சிமுலேஷன் என்று பொறியாளர்கள் சொல்லும் கணினிப் பாவனை இங்கே என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். ஆலையின் குழாய், தொட்டி, கன்வேயர், சைலோ ஒவ்வொன்றையும் அதனதன் கொள்ளளவோடும் கலக்கும் இயல்போடும் கணினிக்குள் வரிசைப்படுத்த வேண்டும். ஓடும் பொருளைச் சிறு சிறு கூறுகளாக, கால் டன், அரை டன் என்று பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் அது வந்த லாரியின் எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு, ஆலையின் எடைமேடையும் ஓட்டமானியும் மட்டமானியும் உண்மையில் பதிவுசெய்த எண்களை நிமிடத்துக்கு நிமிடம் ஊட்டி, அந்தக் கூறுகளைக் கணினிக்குள் நகர்த்த வேண்டும். குழாயில் அவை வரிசை மாறாமல் நகரும். கலக்கும் தொட்டியில் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும். என் மில்லின் சைலோவைப் போன்ற கலத்தில் நடுக்கிணற்றுக்கு ஒரு விதி, சுவரோரத்துக்கு ஒரு விதி என்று நகரும். கடைசியில் மூட்டை கட்டும் இடத்தில் கணினி தரும் விடை, இந்த மூட்டையில் இந்த லாரியின் கோதுமை இருக்கிறதா இல்லையா என்ற ஆம், இல்லை விடையாக இராது. இன்ன லாரியின் பங்கு 12 விழுக்காடு, இன்ன லாரியின் பங்கு 3 விழுக்காடு, இன்னதன் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்ற விகிதமாக இருக்கும். ஓடும் பொருளைப் பற்றிச் சொல்லக்கூடிய நேர்மையான விடை இந்த விகிதம்தான். எவ்வளவு விகிதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது குறையின் தன்மையைப் பொறுத்தது. வாடைக்கு ஒரு எல்லை வைக்கலாம்; நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை உண்ணும் பொருளுக்கு அதே எல்லையை வைக்க முடியாது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் கால் இடறும் இடங்கள் பல உண்டு. நான் அறிந்த வரையில் மென்பொருளால் வரும் இடறலைவிட ஆலையின் பழக்கங்களால் வரும் இடறலே அதிகம். கட்டுப்பாட்டு அறையின் கடிகாரத்துக்கும் மூட்டை கட்டும் இடத்தின் கடிகாரத்துக்கும் பன்னிரண்டு நிமிட வித்தியாசம் இருக்கும். ஆய்வகத்தின் சுவர்க் கடிகாரம் மூன்றாவது நேரம் காட்டும். மின்வெட்டில் மில் நாற்பது நிமிடம் நின்றிருக்கும். பதிவேட்டில் அது வந்திருக்காது, ஏனென்றால் ஷிப்ட் முடிவில் மொத்த டன் கணக்கு சரியாக வந்துவிட்டால் யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சிந்தியதையும் சலித்து ஒதுங்கியதையும் மறுபடியும் முன்வரிசையில் கொட்டும் வழக்கம். பிஸ்கட் ஆலையில் வெட்டு மிச்ச மாவு, மாவு மில்லில் கூட்டிப் பெருக்கியது, சோப்புத்தூள் ஆலையில் கட்டி தட்டியது என்று எங்கும் இது உண்டு. பொருள் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது என்றால், கெட்ட பொருளின் பத்தில் ஒரு பங்கு அடுத்த சுற்றிலும், நூறில் ஒரு பங்கு அதற்கடுத்த சுற்றிலும் வந்துகொண்டே இருக்கும்; அதுவும் எந்த நேரத்தில் திரும்பக் கொட்டப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல். திரும்பச் சேர்க்கும் ஒவ்வொரு வாளிக்கும் நேரமும் எடையும் எழுதப்படாத ஆலையில் எவ்வளவு விலை உயர்ந்த பாவனையும் பொய்தான் சொல்லும்.

ஆகவே கணினி சொல்வதை அப்படியே ஏற்காமல் ஆலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தடயப்பொருள் ஒன்றை உள்ளே விட்டு வெளியே தேடுவதே வழி. பால்துறையில் இது பழைய வழக்கம். பாலை 72 பாகை செல்சியஸில் 15 நொடி வைத்திருக்கும் பாஸ்டரைசேஷன் முறையில், அந்த 15 நொடி சராசரித் துளிக்கு உரியதன்று. குழாயின் நடுவே எல்லாவற்றையும் முந்தி ஓடும் துளிக்கும் அது கிடைத்தாக வேண்டும். சுழலின்றி அமைதியாக ஓடும் திரவத்தில் நடுத்துளியின் வேகம் சராசரியைப் போல் இரு மடங்கு. அதனால்தான் உப்புக் கரைசலைச் செலுத்தி, அது மறுமுனைக்கு முதலில் வந்து சேரும் நேரத்தை மின்கடத்து திறனால் அளந்து பார்க்கும் சோதனையை வகுத்தார்கள். மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பால்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் விடியுமுன் நம் வாசலுக்கு வரும் பால், எத்தனையோ ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து திரண்டு, குளிர்விப்புக் கலங்களிலும் டேங்கர்களிலும் சைலோக்களிலும் கலந்து வருவது என்பதை நினைத்தால், ஓட்டத்தின் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு போன்ற பெரிய ஆலைகளின் மூடிய கலங்களுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய, பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் குறுகிய ஆயுள் கொண்ட கதிரியக்கத் தடயப்பொருள்களைச் செலுத்தி, வெளியே நிறுத்திய உணரிகளால் அளக்கிறார்கள். சுவீடனின் வடபகுதியில் இரும்புத்தாது உருண்டைகள் பயணப்படும் வழியை அறிய, உருண்டையின் அளவிலேயே செய்த ரேடியோ அடையாளச் சில்லுகளைத் தாதோடு கலந்து விட்டுப் பின்தொடர்ந்தார்கள் லூலியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

எங்கள் மில்லில் அவ்வளவு வசதி இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மூத்த மில்லர் ஒருவரின் யோசனைப்படி இரண்டு கிலோ கோதுமையை நீலச் சாயத்தில் ஊறவைத்து உலர்த்தி, சைலோவின் மேல் தூவினோம். கீழே, சுத்தம் செய்யும் சலிப்பானுக்கு முன்னால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு முகத்தல் கோதுமை எடுத்துத் தட்டில் பரப்பி நீல மணிகளை எண்ணினோம். மாதிரிக்கு எடுத்ததை அங்கேயே ஒதுக்கி, மிச்ச நீல மணிகள் அரைவைக்குப் போகாதபடி அந்த நாள்களில் சைலோவின் கோதுமையைத் தனித் தொட்டிக்குத் திருப்பினோம். முதல் நீல மணி நாற்பதாவது நிமிடத்தில் வந்தது. கடைசி மணி ஐந்தாம் நாள், சைலோவின் அடியைக் கூட்டியபோது வந்தது. எங்கள் பதிவேடு 20 மணி நேரம் என்று சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அன்று அறையில் யாரும் பேசவில்லை. பின்னர் சைலோவின் உள்ளே ஒரு தலைகீழ்க் கூம்பைப் பொருத்தி ஓட்டத்தைச் சீராக்கினார்கள். மறுபடியும் நீல மணி தூவியபோது தங்குநேர வளைகோடு மிகவும் ஒடுங்கியிருந்தது.

மருந்துத் துறை இதில் உணவுத் துறையைவிட முன்னால் போய்விட்டது. கலத்தில் போட்டுக் கலக்கி முடித்து அடுத்த கலத்துக்கு மாற்றும் பேட்ச் முறையிலேயே மாத்திரைகள் நெடுங்காலமாகச் செய்யப்பட்டன. ஒரு முனையில் தூள் நுழைய மறுமுனையில் மாத்திரை வரும் தொடர் முறையில் செய்த மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் முதன்முறையாக ஒப்புதல் தந்தது. 2016இல் எச்ஐவி மருந்து ஒன்றைப் பேட்ச் முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்றவும் இசைந்தது. அப்படியானால் பேட்ச் எண் என்பதற்கு என்ன பொருள்? இத்துறையின் பன்னாட்டு ஒருங்கிணைப்பு அமைப்பான ஐசிஎச் 2022 நவம்பரில் ஏற்றுக்கொண்ட கியூ13 வழிகாட்டுதல், வெளிவந்த அளவைக் கொண்டோ உள்ளே சென்ற அளவைக் கொண்டோ குறிப்பிட்ட ஓட்ட வேகத்தில் ஓடிய நேரத்தைக் கொண்டோ பேட்ச்சை வரையறுக்கலாம் என்கிறது. கூடவே, தங்குநேரப் பரவலை அறிந்து, இடையில் தடுமாற்றம் நேர்ந்தால் எந்தப் பகுதியை ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளின் மேலுறையில் கியூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. அதில் பேட்ச் எண்ணும் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஆலையின் ஓட்டக் கணக்கு இருந்தால்தான் அந்த எண் பேசும்.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் குழந்தைகள் இறந்ததையும், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் கண்டறிந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தக் கொடுமையைத் தடுத்திருக்கக் கணினிப் பாவனை தேவையில்லை. உள்ளே வந்த மூலப்பொருளைச் சோதித்திருந்தால் போதும். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், தடமறியும் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது வாசலில் செய்ய வேண்டிய சோதனைக்கு மாற்று ஆகிவிடாது. வாசற்சோதனையையும் தாண்டி ஒன்று உள்ளே போய்விட்டால், எவ்வளவு விரைவில், எவ்வளவு சரியாக அதை மடக்க முடியும் என்பதற்கே அது உதவும்.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களால்தான் முடியும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலைக்காரர் எங்கே போவார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மூன்று தொட்டியும் இரண்டு கன்வேயரும் உள்ள ஆலைக்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. ஒரு எக்செல் தாளில் ஒரு வரிசைக்குப் பத்து நிமிடம் என்று எழுதி, தொட்டியில் இருப்பது, வருவது, போவது என்று கூட்டிக் கழித்தாலே முக்கால் பங்கு உண்மை தெரிந்துவிடும். மிச்சக் கால் பங்குக்கு உப்போ சாயமோ போதும். வேதிப்பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் திட்டப்பணிகளில் ஒரு பகுதியை இந்தச் சிறு ஆலைகளுக்கு ஒதுக்கினால், மாணவர்களுக்கு உண்மையான ஆலையும் ஆலைகளுக்கு உண்மையான கணக்கும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் எழுதாமல் இருக்க முடியாது. பாவனை தரும் விடையைக் கொண்டு, திரும்பப் பெற வேண்டிய மூட்டைகளைக் குறைத்துக்கொள்ளும் ஆசை நிர்வாகத்துக்கு வரும். ஒரு நாள் உற்பத்தி முழுவதையும் திரும்பப் பெறாமல் மூன்று மணி நேர உற்பத்தியை மட்டும் திரும்பப் பெறலாம் என்று கணினி சொன்னால், அந்த மூன்று மணி நேரம் தடயப்பொருள் கொண்டு சோதிக்கப்பட்டதா, எப்போது சோதிக்கப்பட்டது, அதன் பிறகு சைலோவோ பம்ப்போ மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். சோதிக்கப்படாத பாவனையைக் காட்டி வலையைச் சுருக்குவது, எங்கள் பதிவேட்டுக் கணக்கைவிடத் தீமையானது. எங்கள் கணக்கையாவது யாரும் அறிவியல் என்று அழைக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு பாதுகாப்பற்ற உணவைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மேல் வைக்கிறது. 2017இல் வந்த திரும்பப் பெறும் நடைமுறை விதிகள் அதற்கான திட்டத்தை ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்கின்றன. ஆலைகள் காட்டும் அந்தத் திட்டத்தில் விநியோகஸ்தர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆலைக்குள் பொருள் ஓடும் கணக்கு இருப்பதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் இனி ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கொள்முதல் பதிவேட்டிலிருந்து போன மாதத்து லாரி ஒன்றின் எண்ணைச் சுட்டிக்காட்டி, அதன் சரக்கு எந்தெந்த மூட்டைகளில், எவ்வளவு விகிதத்தில் இருக்கக்கூடும் என்று நான்கு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுங்கள், அந்த விடையை எப்படிச் சோதித்தீர்கள் என்றும் காட்டுங்கள் என்று கேட்கட்டும். முதல் ஆண்டில் விடை தெரியாதவர்களைத் தண்டிக்க வேண்டாம். கேள்வி வரும் என்று தெரிந்தாலே கடிகாரங்கள் சரிசெய்யப்படும், திரும்பச் சேர்க்கும் வாளிகளுக்கு எடை எழுதப்படும்.

இந்தச் சோதனையைத் தம் ஆலையில் நடத்திப் பார்க்க விரும்பும் சிறு மில் உரிமையாளர்கள் எவரேனும் தங்கள் நாளிதழ் அலுவலகத்தைத் தொடர்புகொண்டால், என் முகவரியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். சாயமேற்றிய கோதுமையைத் தட்டில் பரப்பி எண்ணுவதற்கு நானே வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உற்பத்தி மேலாளர்,
வில்லிவாக்கம், சென்னை.